பத்தியம் இருந்து தின்ற தலைவலி மாத்திரை

பிள்ளைகளா, நீங்கள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்கும்போதெல்லாம் நான் எங்கிருந்தாலும் வந்து நின்று, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறேன். நீங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறீர்கள். அப்பாவுக்கு இது ஒரு கிறுக்கு என்று நினைக்கிறீர்கள், தெரியும். உங்கள் அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள். ஆனால் அவள் சிரிப்பு வேறு. ஒரு தலைவலி மாத்திரையால் நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் கட்டாமலே போயிருப்போம் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கதையை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கோலி சோடாக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓடு வேய்ந்த ஒரே அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கேஸ் உருளை, ஒரு மிஷின். முதலாளி வாசலில் உட்கார்ந்திருப்பார். உள்ளே நானும் என் சேக்காளி ஒருவனும். அவன் பாட்டில்களைக் கழுவித் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பான். நான் அவற்றை மிஷின் பெட்டிக்குள் மாட்டி, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவேன். பெட்டி பாட்டில்களோடு தலைகீழாகக் கவிழ்ந்து கவிழ்ந்து எழும். உள்ளே கேஸ் ஏறும். கவிழும்போது கோலி உருண்டு வந்து பாட்டிலின் கழுத்தைக் கப்பென்று அடைத்துக்கொள்ளும். பாட்டில் வெடித்தால் முகத்தில் அடிக்காமல் இருக்கப் பெட்டிக்கு முன்னால் ஒரு சாக்குத் தொங்கும். வெயில் காலத்தில் காலையில் பிடித்த கைப்பிடியைப் பொழுது சாயத்தான் விடுவேன்.

அந்த வருஷம் பங்குனியில் வலது முழங்கை வலிக்க ஆரம்பித்தது. முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கிறதே, அதற்குச் சற்று கீழே. முதலில் சுற்றும்போது மட்டும் வலித்தது. பிறகு துண்டைப் பிழிந்தால் வலித்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட்டால் வலித்தது. கடைசியில் ஒரு காப்பி டம்ளரைக் கையை நீட்டித் தூக்கினால், யாரோ அந்த இடத்தில் சுருக்கென்று ஊசி ஏற்றியதுபோல் இருக்கும், விரல்கள் தானாக விட்டுக்கொடுத்துவிடும். நாள் முழுக்கப் பாரம் இழுக்கிற கை, ஒரு டம்ளரைக் கண்டு பயந்தது. எண்ணெய் போட்டு உருவினேன், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன், துணியால் இறுக்கிக் கட்டினேன். கட்டினால் கட்டுக்கு அடியில் வலித்தது.

இந்த நேரத்தில்தான் உங்கள் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

ஒட்டன்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் அவர்கள் ஊர். கத்தரி, தக்காளி போட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்புகிற குடும்பம். நானும் என் அம்மாவும் என் தாய்மாமனும் போனோம். அப்பா எனக்குச் சிறுவயதிலேயே தவறிவிட்டார், அதனால் ஆண்பிள்ளைப் பெரியவர் என்று மாமன்தான். பெண் காப்பி கொண்டுவந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்ததும் கை வலி, சோடா, திண்டுக்கல் எல்லாம் மறந்துபோயிற்று. அந்த மறதியில் வலது கையை முழுசாக நீட்டி டம்ளரைத் தூக்கிவிட்டேன். சுருக். டம்ளர் சாய்ந்தது. இடது கையால் தாங்கிப் பிடிப்பதற்குள் பாதிக் காப்பி அவள் கால் பெருவிரலில் கொட்டிவிட்டது. அவள் காலை இழுக்கவில்லை. வாய் ஓரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. நான் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான்.

அவள் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார். தம்பிக்குக் கையில ஏதாவது தொந்தரவுங்களா என்று கேட்டார். ஒன்றுமில்லைங்க, டம்ளர் சூடு என்று சொன்னேன். அது பொய். அவரும் நம்பவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

இங்கே ஒரு முறையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களில் பெண் பார்க்கப் போகிற அன்றைக்குக் காப்பியோடு சரி, சோறு தின்ன மாட்டோம். இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பிய பிறகு, இன்னொரு நாள் போய்ப் பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட வேண்டும். கை நனைப்பது என்பார்கள். மாப்பிள்ளை கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. நனைக்காமல் எழுந்தால் முறிந்தது. பரிசம், தாம்பூலம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்றாம் நாள் ஆள் வந்து சொன்னார், பெண் வீட்டில் சம்மதம், வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கை நனைக்க வரலாம் என்று. நான் சந்தோஷத்தில் இரண்டு பாட்டிலை வெடிக்கவிட்டேன். ஆனால் வந்தவர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். பெண்ணின் அப்பா என் வலது கையைப் பற்றி இரண்டு தடவை விசாரித்தாராம். அவர் மாடு வாங்கினால்கூட நாலு தரம் நடக்கவிட்டு, குளம்பைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாராம். கையால் வேலை செய்து சாப்பிடுகிறவனுக்குக் கை சரியில்லை என்றால் எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? கை நனைக்கப் போகிற அன்றைக்கு இந்தக் கை ஒரு தண்ணீர்ச் செம்பை நடுங்காமல் தூக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாய் ஓரத்துச் சிரிப்பு எனக்கு இல்லை.

மறுநாளே இங்கிலீஷ் டாக்டரிடம் போனேன். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் என் மணிக்கட்டை அவர் கைக்கு எதிராக மேலே தூக்கச் சொல்லி அழுத்தினார், நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"நரம்பு சுண்டிருச்சுங்களா டாக்டர்?"

"நரம்பு இல்லப்பா. சதையை எலும்போட சேத்துக் கட்டியிருக்கிற நாண். கமலைக் கயிறு கெணத்துக் கல்லுல உரசி உரசிப் பிரிபிரியாப் போகும்ல, அது மாதிரி. அந்த எடத்துல வீங்கிச் சூடு வச்சிருக்கு."

வெள்ளை மாத்திரை கொடுத்தார். வீக்கத்தையும் வலியையும் அது தணிக்கும் என்றார். இரண்டிரண்டாக மூன்று வேளை, சோறு சாப்பிட்ட பிறகு, வெறும் வயிற்றில் கூடவே கூடாது என்றார். காதில் இரைச்சல் கேட்டால் நிறுத்திவிட்டு வந்து பார் என்றார். மாத்திரை வீக்கத்தைத்தான் தணிக்கும், கயிறு தானாகத்தான் முறுக்கேற வேண்டும், அதற்கு மிஷினை விட்டுக் கொஞ்ச நாள் இரு என்றார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். கம்பவுண்டர் மாத்திரைகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். எனக்கு அதுவரை தலைவலி என்று ஒன்று வந்ததே இல்லை. அதனால் அந்த மாத்திரையை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. ஏதோ சீமையிலிருந்து வந்த பெரிய மருந்து என்று நினைத்து, சட்டைப் பையில் வைத்தால் வேர்வையில் நனைந்துவிடும் என்று கையில் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் அம்மா முதலில் கேட்டது, பத்தியம் என்ன சொன்னார் என்று.

பத்தியம் எதுவும் சொல்லவில்லை என்றேன்.

"சொல்லாம எந்த வைத்தியரும் மருந்து குடுப்பாகளா? கூட்டத்துல மறந்திருப்பாரு, பாவம். நம்மதான் தெரிஞ்சு நடந்துக்கிறணும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் மருந்து என்றால் விடியற்காலம், வெறும் வயிறு, ஒரே வாய். பிறகு மருந்து முடிகிற வரைக்கும் உப்பு இல்லை, புளி இல்லை, கோழி, கருவாடு, கத்தரிக்காய், பூசணிக்காய் எதுவும் இல்லை. நடுவில் பத்தியம் முறிந்தால் நோய் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். சோற்றுக்கு மேல் மருந்தைப் போட்டால் அது சோற்றோடு சோறாகக் கரைந்து வீணாகிவிடும் என்றாள் அம்மா. டாக்டர் பட்டணத்துக்காரர், நம் உடம்பு அவருக்கு எப்படித் தெரியும் என்று நானும் சேர்ந்துகொண்டேன். ஆக மூன்று வேளைக்கு உள்ள ஆறு மாத்திரையையும் கோழி கூப்பிடுகிற நேரத்தில் எழுந்து, கிழக்கே பார்த்து நின்று, ஒரே வாயில் போட்டு விழுங்கினேன். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன அத்தனையையும் பக்தியோடு செய்தேன் என்று சொல்லலாம்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் துண்டைப் பிழிந்தேன். பிழிந்து முடித்த பிறகுதான் வலிக்கவில்லை என்பது உறைத்தது. மறுபடி நனைத்துப் பிழிந்தேன். லேசாக ஒரு முனகல், அவ்வளவுதான். ஈரத் துண்டோடு அப்படியே ஆடினேன். அம்மா பார்த்துவிட்டு, பார்த்தியா பத்தியத்தோட மகிமையை என்றாள்.

அன்றைக்குக் கம்பெனியில் நான் சுற்றிய சுற்றை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மிஷினை விட்டு இரு என்று டாக்டர் சொன்னது காற்றோடு போயிற்று. கை பஞ்சு மாதிரி இருந்தது. உடம்பே பஞ்சு மாதிரி இருந்தது. உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு, தலைக்குள் இளங்காற்று அடிக்க, தரையில் கால் பாவாமல் நின்று சுற்றினேன். என் சேக்காளி பாட்டில் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"ஏலே, சோடா போடுறியா, இல்ல மிஷினோட பறந்து போகப் போறியா? மலைக்கோட்டைக்கு மேல போனீன்னா எனக்கு ஒரு சத்தம் குடுத்துட்டுப் போ."

நாலாம் நாளிலிருந்து காதில் மணி கேட்க ஆரம்பித்தது. இரண்டு காதிலும், தூரத்தில் எங்கோ பூசை நடப்பது மாதிரி, விடாமல். எந்தக் கோயிலில் இந்த நேரத்துக்கு மணி அடிக்கிறார்கள் என்று சேக்காளியிடம் கேட்டேன். அவன் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, ஒரு மணியும் இல்லை, பொண்ணு பார்த்துட்டு வந்ததிலிருந்து உனக்குக் காதுக்குள்ளேயே கெட்டிமேளம் என்றான். நான் அதை அப்படியே நம்பினேன். காதில் இரைச்சல் என்று டாக்டர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் இது இரைச்சல் இல்லையே, மணி அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூடவே வயிறு எரிந்தது. எரிந்தால் ஒரு சோடாவை உடைத்துக் குடிப்பேன். சோடா பத்தியத்தில் வராது என்று நானே தீர்ப்புக் கொடுத்துக்கொண்டேன். ஏப்பம் விடுவேன், சிரிப்பேன், சுற்றுவேன். சேக்காளி சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கிவந்து என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்றான். செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்பித் தின்னேன்டா என்றால், பத்தியம் உனக்கா எனக்கா என்று கேட்பான்.

இப்படியாக அந்த ஞாயிறு வந்தது. மருந்துக்கு ஏழாவது நாள். தைரியத்துக்காக இரண்டு மாத்திரை கூடுதலாகப் போட்டேன். மீதி ஒன்றிரண்டு இருந்ததைக் காகிதத்தோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அம்மா ஏதோ புத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்டது. நான் எல்லாவற்றுக்கும் சிரித்தேன். சாலைக்கு இரண்டு பக்கமும் கத்தரிக்காய்த் தோட்டம். ஊதா நிறப் பூக்கள் எல்லாம் என்னையே பார்ப்பது போலிருந்தது. பஸ் ஒரு முழம் உயரத்தில் ஓடியது.

பெண் வீட்டில் வாசலிலேயே செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். பெரிய பித்தளைச் செம்பு, விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. உங்கள் தாத்தா வேண்டுமென்றேதான் அதை நிரப்பியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. நான் வலது கையை நன்றாக நீட்டி, ஒற்றைக் கையால் வாங்கி, தலைக்கு மேலே தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து குடித்துத் திருப்பிக் கொடுத்தேன். உங்கள் தாத்தா மீசையைத் தடவிக்கொண்டு மாமனைப் பார்த்துத் தலையசைத்தார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, அல்லது என் காது மணியோ என்னவோ. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பந்தி போட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் மாமன், இன்னொரு பக்கம் அம்மா. எதிரே உங்கள் தாத்தா. மாப்பிள்ளை கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்க வேண்டும். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும், பெண்ணின் அம்மா வந்து குனிந்து, இலையின் ஓரத்தில் முதலில் உப்பு வைக்கப் போனார்கள். நான் கையை வைத்து இலையை மறைத்தேன்.

"உப்பு வேண்டாங்க."

அவர்கள் உப்புக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார்கள். நான் சிறுபிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு, வெறும் சோறு போதும், உப்புப் போடாத சோறாக இருந்தால் நல்லது, குழம்பு வேண்டாம், கோழி வேண்டாம், கத்தரிக்காய் வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன். கத்தரிக்காய் போடுகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். எனக்கு அது மருந்து சமாச்சாரமாக மட்டும்தான் தெரிந்தது. அந்த வீட்டில் அது எப்படி விழுந்தது என்பது, எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, நம்ம ஊட்டுல கை நனைக்கறதுக்கு மனசில்லீன்னா சொல்லிப்போடுங்க. அதுல தப்பில்லீங்க. ஆனா எலையில உக்காந்துட்டு உப்பு வேண்டாங்கறது..."

மாமன் என் தொடையில் இடித்தார். அம்மா காரியத்தைச் சரிசெய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அப்படியெல்லாம் இல்லைங்க, அவன் மருந்து சாப்பிடுறான், பத்தியத்துல இருக்கான் என்றாள். அவ்வளவுதான். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாற்போல் ஆயிற்று. அந்தக் காலத்தில் பத்தியம் இருந்து மருந்து சாப்பிடுகிற இருபத்தைந்து வயதுப் பையன் என்றால் என்ன என்ன நினைப்பார்களோ அத்தனையையும் அவர்கள் நினைத்தார்கள். என்னுங்க சீக்கு என்று உங்கள் தாத்தா மெதுவாகக் கேட்டார். உப்புக் கிண்ணம் ஒரு அடி பின்னால் போயிற்று.

நான் மாத்திரையைக் காட்டிச் சொல்லலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் வெறும் வயிற்றில் போன எட்டு மாத்திரையும் தங்கள் வேலையைக் காட்டின. வீடு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தூணைப் பிடித்துக்கொண்டேன். காதில் மணி உரக்க அடித்தது. பேச்சை எப்படியாவது மாற்ற வேண்டும் என்று, உங்க ஊர்க் கோயில்ல பூசை போலிருக்கு என்றேன்.

"எங்கூர்க் கோயில்ல மணியே இல்லீங்க," என்றார் உங்கள் தாத்தா.

பிள்ளைகளா, அதற்குப் பிறகு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. தூணைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சோடா மிஷின், முழங்கை, அன்றைக்குக் காப்பி சிந்தியது சூட்டினால் இல்லை என்பது, டாக்டர், மாத்திரை, பத்தியம். கை சரியில்லாதவன் என்று பெண் கொடுக்க மாட்டீர்கள் என்று பயந்துதான் மறைத்தேன் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, அதை இங்கே கொடுக்கச் சொல்லுங்கப்பா என்று ஒரு குரல் வந்தது.

காகிதம் உள்ளே போயிற்று. எல்லாரும் கதவையே பார்த்தோம். இலைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. அவள் மாத்திரையை மோந்து பார்த்திருக்கிறாள். அதற்கு லேசாக ஒரு புளித்த வாடை உண்டு.

"ஏனுங்கப்பா, இது உங்க தலைவலி மாத்திரையுங்க. நம்ம பொட்டிக்கடையில நாந்தானே வாங்கியாறேன். நீங்க கோழிக்கொழம்பு ஊத்தித் தின்னுபோட்டுத்தானே போடறீங்க. இதுக்குப் போயி யாராச்சும் பத்தியம் இருப்பாங்களா?"

முதலில் சிரித்தது என் மாமன். பிறகு பெண்ணின் அம்மா. உங்கள் தாத்தா சிரிக்காமல் இருக்க மீசையைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. என் அம்மா மட்டும், தலைவலி மாத்திரையா, அதை ஏன்டா கைக்குக் குடுத்தாரு என்று என்னையே கேட்டாள். நான் தூணோடு சேர்ந்து சிரித்தேன். ஏழு நாளாக வணங்கி விழுங்கிய சீமை மருந்து பெட்டிக்கடைச் சரக்கு என்றதும் எனக்கு அவமானம் வர வேண்டும். வரவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது.

உங்கள் தாத்தா எழுந்து வந்தார். என் வலது முழங்கையைப் பிடித்து, கட்டைவிரலால் சரியாக அந்த இடத்தில் அழுத்தினார். மாத்திரை எட்டு போட்டும் நான் துள்ளினேன். அவர் தன் சட்டைக் கையைச் சுருட்டித் தன் முழங்கையைக் காட்டினார்.

"இதே எடமுங்க. கமலை எறச்ச காலத்துல எனக்கும் வந்துது. மூணு மாசம் ஒரு சொம்பைத் தூக்க முடியாமக் கெடந்தேன். பொய் சொன்னதுக்கு வேணுமின்னாக் கோவிச்சுக்கலாம். கைக்குக் கோவிச்சு என்ன பண்றது?"

உள்ளேயிருந்து மறுபடியும் குரல் வந்தது. "அந்தக் கைக்குக் கொஞ்ச நாளைக்கு ஓய்வு குடுக்கச் சொல்லுங்கப்பா. மொதல்ல வயித்துக்கு ஏதாச்சும் போடச் சொல்லுங்க."

நான் இலையில் உட்கார்ந்தேன். உப்பு வையுங்க அத்தை என்று நானே சொன்னேன். உப்பு வைத்தார்கள். என் அம்மா, ஏலே பத்தியம் என்று ஆரம்பித்தாள். நான் அதற்குள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டேன்.

"சாப்புடுங்க மாப்ளே," என்றார் உங்கள் தாத்தா. அதுவரை தம்பி என்று சொல்லிவந்தவர்.

ஏழு நாள் உப்பில்லாமல் கிடந்த நாக்கில் அந்தக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு பட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கோழி மூன்று தடவை வாங்கினேன். ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தேன். சாப்பிடச் சாப்பிடத் தலைச் சுற்றல் அடங்கி, வீடு ஒரே இடத்தில் நின்றது. அவர்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள், கை நனைக்க வந்தவன் முழங்கை வரைக்கும் நனைத்துவிட்டுப் போனான் என்று.

மறுநாள் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முதலில் திட்டினார். காதில் மணி கேட்பது மருந்து மிஞ்சிப்போனதன் அடையாளம், அத்தனையையும் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறாயே, வயிற்றில் புண் வந்து ரத்தம் கக்கியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். பிறகு கம்பவுண்டரைக் கூப்பிட்டு, கிழக்கே பார்த்து நின்று விழுங்கியதை மறுபடி சொல்லச் சொல்லி, இரண்டு பேரும் சிரித்தார்கள். மாத்திரையை இப்போதைக்கு நிறுத்து என்றார். காது தெளிந்த பிறகு, வலி பொறுக்க முடியாத நாளில் மட்டும், சோற்றுக்குப் பிறகு இரண்டு. வலியை மாத்திரை மறைத்த தைரியத்தில் மிஷினைச் சுற்றினால் கயிறு அறுந்துபோகும், ஞாபகம் வைத்துக்கொள் என்றார். நானும் இந்தத் தடவை காதால் கேட்டேன்.

வலி உடனே போய்விடவில்லை, அதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை நின்ற மூன்றாம் நாள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. முதலாளியிடம் சொன்னேன். என் சேக்காளி மிஷினுக்குப் போனான், நான் பாட்டில் கழுவப் போனேன். பாட்டில் கழுவுவதிலும் இடது கைதான். ஆவணியில் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில்கூட மூன்றாவது முடிச்சில் ஒரு சுருக் இருந்தது, நான் முகத்தில் காட்டவில்லை. உங்கள் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். கார்த்திகை வாக்கில்தான் அது முழுசாக அடங்கியது.

ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. காதில் மணி கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துகொண்டிருந்தது. கம்பெனிக்குப் போக நேரம் இருந்தது. கோட்டைக்குளத்துக் கரை வழியாகப் போனேன். கரையில் யாரும் இல்லை. தட்டையாக ஒரு ஓட்டாஞ்சில்லு கிடந்தது. குனிந்து வலது கையில் எடுத்தேன், கையை ஓங்கினேன், பிறகு இறக்கி, சில்லை இடது கைக்கு மாற்றி எறிந்தேன். அது தண்ணீரின் மேல் ஒரு தத்துக்கூடத் தத்தாமல், இரண்டு முழத் தூரத்தில் தொப்பென்று முங்கியது. நான் இன்னொரு சில்லைத் தேடினேன்.